வரதன் வயலில் களை இல்லை

திருச்சி ஜங்ஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாருக்கு மலையாளமா?" என்றார். இல்லை, தமிழ்தான், இலங்கைத் தமிழ் என்றேன். அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, கொழும்புக்காரர் நன்றாகவே தமிழ் பேசுகிறார் என்று உரக்க அறிவித்தார். நாலு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், வேலை செய்வது வன்னியில், கொழும்பு எனக்கும் வெளியூர்தான் என்றெல்லாம் விளக்கப் பொறுமை இல்லை. இட்லி நன்றாக இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கடை இட்லியை எறிந்தால் நாய்க்குக் காயம் படும்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. வரதன் வரச் சொல்லியிருந்தான். அறுபதுகளின் முற்பாதியில் ஓர் ஐப்பசி மாதம் அது. வரதனும் நானும் ஒரே விவசாயக் கல்லூரியில் படித்து, விடுதியில் ஒரே அறையில் சண்டை போட்டவர்கள். படிப்பு முடிந்ததும் நான் கடலைத் தாண்டிப் போய் ஒரு நெல் பண்ணையில் சேர்ந்தேன். அவன் இங்கே அரசாங்க வேலையில் அமர்ந்தான். இரண்டு பேருக்கும் ஒரே தொழில்: ஒரு நெல்லின் பூவில் இன்னொரு நெல்லின் மகரந்தத்தைத் தூவிப் புது நெல் உண்டாக்குவது. எல்லாரும் அதிக விளைச்சலைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் வரதன் மட்டும் களையை அடக்குகிற நெல்லைத் தேடினான்.

நாற்று விடாமல் புழுதியில் நேரே விதைக்கிற நிலத்தில் நெல்லும் புல்லும் ஒன்றாகவே முளைக்கும். அந்த முதல் மாதத்தில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் நிலம். நெல் முளைத்த வேகத்தில் கிளைவிட்டு, இலையைப் பரப்பி, தரையில் வெயில் விழாமல் செய்துவிட்டால் புல் தானாகச் சோர்ந்துபோகும். அப்படி ஒரு நெல் கிடைத்தால் களை எடுக்கப் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு ஒடிய வேண்டாம் என்பான் வரதன். அவனுடைய மேலதிகாரி ஒருவர், களைக்கு மருந்தே வரப்போகிறது, நெல்லைச் சண்டைக்கோழியாக வளர்ப்பானேன் என்று சிரித்தாராம். அரசாங்கப் பண்ணையில் அவனுக்கு ஒரு பாத்திகூடக் கொடுக்கவில்லை. அவன் திருவெள்ளறையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, லீவு நாட்களில் போய் அந்த வேலையைச் செய்துவந்தான்.

அதில் எனக்கும் பங்கு உண்டு. வன்னியிலிருந்து ஒரு நெல்லை நான்தான் அனுப்பினேன். உயரமானது, அகன்ற இலை, அடித்தண்டு சிவந்திருக்கும். சோறு மட்டம், ஆனால் காட்டுப் புல்லையே அமுக்கிக்கொண்டு எழும். வரதன் அதை இந்தப் பக்கத்து நல்ல நெல்லோடு கலந்து, பிறந்த பிள்ளைகளில் களைக்குப் பயப்படாதவற்றை வருஷாவருஷம் பொறுக்கிக்கொண்டே வந்தான். இந்த வருஷம் விதைத்து முடித்த கையோடு அவனால் எழுந்து நடக்க முடியாமல் போயிற்று. வயிற்றில் கட்டி. நீ வந்து வயலைப் பார்த்து எந்த வரிசை ஜெயித்தது என்று சொல், தை மாதம் அந்த விதையை எடுத்துக்கொண்டு போ என்று மனைவியின் கையால் எழுதச் சொல்லியிருந்தான்.

ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸில் போனேன். காவிரி இரு கரையும் முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடியது. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, எல்லாம் கிணறுதான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நான் பார்த்த பார்வையில், பக்கத்தில் இருந்த பூக்காரம்மா தண்ணீரையே பார்த்ததில்லையா என்று கேட்டார். இவ்வளவு தண்ணீரைச் சும்மா ஓட விட்டுப் பார்த்ததில்லை என்றேன். அவர் சிரித்து, கூடையை என் காலிலிருந்து சற்று நகர்த்தி வைத்தார்.

வரதனின் வீடு உத்தர வீதியில். கதவைத் திறந்த கோமளம், அவன் மனைவி, என்னை உள்ளே விடாமல் ஒரு நிமிஷம் வாசலிலேயே நிறுத்தினாள். தை பிறப்பதையே அவர் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அது அவருக்கும் தெரியும் என்றாள். அவள் அழவில்லை. அழுது முடித்திருப்பாள் என்று தோன்றியது.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கல்லூரியில் கதவுக்குக் குனிந்து வருகிறவன் அவன். இப்போது போர்வைக்குள் ஓர் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண் மட்டும் பழைய கண். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்கு முன்னால், வயலைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டான். இப்போதுதானடா பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்றேன். "பெருமாளை அப்புறம் சேவிக்கலாம், என்னையும் அப்புறம் பார்க்கலாம். முதல்ல வயல்" என்றான்.

கோமளம் சாப்பாடு போட்டாள். ரசத்தை அந்த வீட்டில் சாத்தமுது என்பார்கள். அந்தப் பெயருக்காகவே நான் கல்லூரி நாளில் வரதனைப் படாதபாடு படுத்தியிருக்கிறேன். இப்போது அதை மூன்று முறை வாங்கிக் குடித்தேன். வரதன் படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தான். கையிருப்பில் இருந்த விதை முழுவதையும் இந்தத் தடவை விதைத்துவிட்டானாம். எந்தக் கத்துக்குட்டியும் கொஞ்சம் மீதி வைப்பானே என்று கேட்டேன். "யாருக்காக வைக்கணும்? அடுத்த வருஷம் விதைக்க நான் இருக்கப்போறேனா?" என்றான். பழைய விதையெல்லாம் வீட்டு ஈரத்தில் பூசணம் பூத்துப் போய்விட்டது. அதனால் அந்தத் துண்டு நிலத்தில் நிற்பதுதான் அவன் இத்தனை வருஷம் செய்ததில் மிச்சம்.

எட்டாம் வரிசையைப் பார், எட்டைப் பார் என்று தூக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் துறையூர் பஸ்ஸில் ஏறினேன். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் பஸ் இருமியது, நடுங்கியது, நின்றுவிட்டது. ஆண்பிள்ளைகள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்ற சலுகை எனக்குக் கிடைக்கவில்லை. என் பக்கத்தில் நின்று தள்ளியவர் திருச்சி அரிசி வியாபாரி, ஒரு முஸ்லிம் பெரியவர். மணச்சநல்லூர் மில்லுக்குப் போகிறாராம். வெள்ளைச் சட்டையில் அத்தர் மணத்தது, தள்ளி முடித்ததும் அதில் கிரீஸும் மணத்தது. தோலில் கறுப்பு விழுந்த வாழைப்பழம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். நான் வரதனின் நெல்லைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அரிசி சன்னமா இருக்குமா? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். ஆள் படுத்த படுக்கை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. இறங்கும்போது என் தோளைத் தொட்டு, உங்கள் சிநேகிதருக்காகத் துஆ செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவெள்ளறையில் முடிக்காமல் விட்ட கோபுரத்தின் அடியில் இறங்கி, வரதன் சொன்ன வழியில் நடந்தேன். இரவு மழை பெய்திருந்தது. வழியெல்லாம் வயல்களில் நெல்லும் கோரையும் புல்லும் அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றன. புங்கமரத்துக்குக் கீழே வரதனின் நிலம் வந்தது. வாரிவிட்ட தலை போல இருந்தது. வரிசை வரிசையாக நெல், நடுவே வெறும் மண். ஒரு புல் இல்லை.

ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன். வரப்பில் தனியாக நின்று பல்லைக் காட்டிச் சிரித்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கண் வேலை செய்யத் தொடங்கியது. இப்படிப்பட்ட சோதனை வயலில் தோற்பதற்கென்றே ஒரு நெல்லையும் விதைப்போம். குட்டையான, சோம்பேறி நெல். களை அதை மூடிவிட வேண்டும். அது எவ்வளவு தோற்றது என்று பார்த்தால்தான் மற்றது எவ்வளவு வென்றது என்று தெரியும். வரதனும் இரண்டு ஓரங்களிலும் அதை விதைத்திருந்தான். அங்கேயும் ஒரு புல் இல்லை. குனிந்து பார்த்தேன். மழையில் பாதி கரைந்த களைக்கொத்தின் வெட்டுகள் மண் முழுவதும் இருந்தன.

வரிசைக்கு ஒன்றாக எண் எழுதி நட்டிருந்த குச்சிகளில் எட்டைத் தேடிப் போனேன். குச்சி இருந்தது. அதற்கு எதிரே ஒரு வரிசை நீளத்துக்கு வெறும் மண் கிடந்தது. ஒரு நெல்கூட இல்லை.

பக்கத்து வயலிலிருந்து ஒரு பெண் கரையேறி வந்தாள். அஞ்சலை என்று பெயர், நாற்பது வயது இருக்கும், அந்த வயல் அவளுடையது. நான் வரதனின் சிநேகிதன் என்று தெரிந்ததும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வேலை எப்படி என்பதுபோல வயலைக் காட்டி நின்றாள்.

"ஆர் உங்களைக் களை எடுக்கச் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"யாரும் சொல்லலைங்க. நாங்களாத்தான் வந்தோம். சாமி படுத்துட்டாங்கன்னு போன வாரம் சேதி வந்துச்சு" என்றாள்.

பயிர் வைத்தவர் நோயில் விழுந்தால் அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் வந்து கை கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கமாம். வீட்டுக்கு ஒரு பெண்ணாக வந்து, தங்கள் வயலில் களை மண்டிக் கிடக்க, வரதனின் வயலை முதலில் எடுத்து முடித்திருக்கிறார்கள். களை எடுக்கவே கூடாது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னாங்கதான். வருஷாவருஷம் சொல்லுவாங்க. கூலி குடுக்கக் கையில இல்லாம, அதை வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அப்படிச் சொல்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாதாங்க? நடமாட்டமா இருந்தவரைக்கும் சரின்னு விட்டுட்டோம். படுத்துக் கிடக்கிறவங்க வயலை அந்தக் கோலத்துல விட மனசு வரலைங்க."

நான் வெறும் மண்ணாகக் கிடந்த எட்டாம் வரிசையைக் காட்டினேன்.

"அதுல புல்லே இல்லைங்க. ஆனா நெல்லே நெல்லா இல்லை. எலை அகலமாத் தொங்கிக்கிட்டு, அடித்தண்டு செவந்து, பக்கத்து வரிசையையும் அமுக்கிக்கிட்டு நின்னுச்சு. ஏதோ கலப்பு நெல்லு, சாமி தெரியாம விதைச்சிட்டாங்கன்னு வேரோட பிடுங்கிட்டோம். மாடு நல்லாத் தின்னுச்சு."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. வன்னியில் என் கையாட்கள் இப்படிச் செய்திருந்தால் ஊரே கூடும்படி கத்தியிருப்பேன். எனக்கு வாய் அப்படி. அவள் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் புல் அறுத்த கீறல். நாள் முழுக்கக் குனிந்த அந்தப் பெண்களுக்காகத்தான் வரதன் அந்த நெல்லைத் தேடினான். வந்த நெல்லை அவர்களே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், அவன்மேல் இருந்த பிரியத்தினால். வாயை மூடிக்கொண்டேன். அவள் தன் தூக்கில் இருந்த கம்பங்கூழைக் கொடுத்தாள். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு தாய் நெல்லும் இன்னும் இருக்கின்றன, மறுபடி கலக்கலாம். பஸ்ஸில் திரும்பும்போது அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் எங்கோ ஒன்றுதான் இப்படி விழும். அடுத்த முறையும் விழும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. விழுந்தாலும் பார்க்க வரதன் இருக்கமாட்டான்.

என் முகத்தைப் பார்த்ததுமே கோமளத்துக்குப் புரிந்துவிட்டது. என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. "எது எப்படி இருந்தாலும் நன்னா இருக்குன்னு சொல்லிடுங்கோ, அண்ணா" என்றாள்.

உள்ளே போனேன். எட்டாம் வரிசை என்னாயிற்று என்றான் வரதன். எட்டாம் வரிசையில் ஒரு புல்லுகூட இல்லையடா என்றேன். அது பொய்யில்லை. இலை அகலமாகத் தொங்கியது, அடித்தண்டு சிவப்பு, பக்கத்து வரிசையையும் அமுக்கிக்கொண்டு நின்றது என்று அஞ்சலை சொன்னதையெல்லாம் நான் கண்டதுபோலச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்குப் போய் ஒரு செடி பிடுங்கிக்கொண்டு வா, கண்ணால் பார்க்க வேண்டும் என்றான்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை மறுபடி திருவெள்ளறை. இந்தத் தடவை பஸ் ஒழுங்காக ஓடியது, நான் நேரத்தோடு போய்ச் சேர விரும்பாத ஒரே நாள் அன்றுதான். வரப்பெல்லாம் தேடினேன், வாய்க்காலில் தேடினேன், புங்கமரத்தைச் சுற்றித் தேடினேன். எங்காவது ஒரு தூர் தப்பி வேர்விட்டிருக்காதா என்று பார்த்தேன். அஞ்சலை வீட்டுக் கொட்டகைக்கும் போய் மாட்டின் காலடி வரை குனிந்தேன். மாடு என்னை முட்ட வந்தது. ஒரு நெல்தாள்கூட இல்லை.

கடைசியில் ஒன்பதாம் வரிசையிலிருந்து ஒரு தூரைப் பிடுங்கினேன். எட்டுக்குத் தம்பி போன்றது, உயரம் இருந்தது, இலையும் ஓரளவு தொங்கியது. அடித்தண்டுதான் பச்சை. அதன்மேல் சேற்றைக் குழைத்துப் பூசி, வாழைச்சருகில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வரதனின் கண் மஞ்சளித்துக் கிடக்கிறது, அறையில் வெளிச்சமும் போதாது, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வரதன் செடியை மார்பின்மேல் வைத்துக்கொண்டான். இலையை நுனியிலிருந்து அடிவரை உருவினான். பிறகு பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, அடித்தண்டில் இருந்த சேற்றைத் துடைத்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். இன்னொரு தடவை துடைத்தான்.

"களை எடுத்துட்டாளாடா?" என்றான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோமளம் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகத் தன்னைக் கூலி கொடுக்க வக்கில்லாதவன் என்றா நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்தது வயிற்றில் வலித்தது. வலி அடங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நிஜமாவே புல்லு இல்லைன்னாளா? பக்கத்து வரிசையையும் அமுக்கித்துன்னாளா?"

ஓம், அப்படித்தான் சொன்னாள் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன்.

"அப்ப வந்துதுடா. இந்த வருஷம் அது வந்துது" என்றான். குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன். கோமளம் அந்தச் செடியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, அஞ்சலையிடம் இதைச் சொல்லிவிடாதே என்றான். ஒத்தாசை என்று செய்தார்கள், தெரிந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஊருக்குப் போகுமுன் நேரே போய், வயல் சுத்தமாக இருக்கிறது என்று தான் சந்தோஷப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போ என்றான். கடிதம் போட்டால் போதாதா என்று கேட்டேன். நீயே போய்ச் சொல் என்றான்.

மறுநாள் பெட்டியோடு மூன்றாம் முறையாகத் துறையூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, கொழும்புக்காரர் இங்கேயே நிலம் வாங்கிவிட்டாரா என்று கேட்டார். டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் அவளுடைய வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றபடி வரதன் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். வயல் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டு அவர் மிகவும் சந்தோஷப்பட்டார், உங்கள் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார் என்றேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை கையிலிருந்த புல்லைக் கரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்கய்யா. அவங்க எந்திரிச்சு வர்ற வரைக்கும், அடுத்த வருஷம் ஆனாலும் சரி, அந்த வயல்ல ஒரு புல்லு இருக்க விடமாட்டோம்."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.